லிசி வரைந்த காலி இருக்கை

லிசியைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லவள், அமைதியானவள், கைராசிக்காரி என்றுதான் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் அவளைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும். என் பெயர் பேட்ரிசியா. வாய்த்துடுக்கு எனக்கு ஜாஸ்தி என்பது தில்லை நகருக்கே தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இவ்வளவு பீடிகை.

பத்தாவது கிராஸில், பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் எங்கள் டிசைன் கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளெக்ஸ், கடைகளுக்கு லோகோ. பதினோரு வருடமாக அவள் வரைகிறாள், நான் பேசுகிறேன். "தம்பி போட்டோவை இன்னும் கொஞ்சம் பெருசா போடுங்க" என்று வருகிறவர்களிடம் மல்லுக்கு நிற்பது என் வேலை. லிசி சண்டை போட மாட்டாள். கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் பழைய மாதக் காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு பென்சிலால் வரைவாள். வரைந்ததை வந்தவர் முன்னால் வைத்துவிட்டு, "இதைப் பாத்ததும் முதல்ல என்ன தோணுதுங்க?" என்று கேட்பாள். அவர் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டு போய் மறுபடி வரைவாள். எனக்கு அந்தப் பொறுமையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அம்மா அப்பா இரண்டு பேரும் அவள் ஏழாவது படிக்கும்போதே போய்விட்டார்கள். அக்கா அக்னஸ்தான் எல்லாம். அக்னஸ் நர்ஸ் படிப்பு முடித்த கையோடு ஷார்ஜா போனவள், கல்யாணமே செய்துகொள்ளாமல் தங்கையைப் படிக்கவைத்து, ஜோஸுக்குக் கட்டிக்கொடுத்தாள். ஜோஸுக்கு திருச்சி ஏர்போர்ட்டில் ஒரு விமானக் கம்பெனியின் கவுண்டரில் வேலை. ஒன்பது வருடமாக ஏர்லைன்ஸ்காரன் பெண்டாட்டி, ஆனால் லிசி விமானத்தில் கால் வைத்ததில்லை. கேட்டால், "எங்க போறது? அக்காவே வருஷா வருஷம் வந்துடுறாளே" என்பாள்.

போன வருடம் சித்திரையில் ஜோஸின் பழைய சிநேகிதன் பிராங்க்ளின் கடைக்கு வந்தான். அவனும் ஏர்லைன்ஸில் இருந்தவன். வேலையை விட்டுவிட்டு, விமானக் கம்பெனி ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும் டிராவல்ஸ் தொடங்கப் போவதாகச் சொன்னான். விசா, ஹோட்டல், சுற்றுலா எல்லாம் அவர்களுக்குச் சலுகையில் செய்து கொடுப்பானாம். அதற்கு ஒரு லோகோ வேண்டும்.

"பாத்த உடனே எங்காளுங்களுக்கு மட்டும் புரியணும், மேடம். வெளியாளுக்குப் புரியலன்னாலும் பரவால்ல" என்றான்.

லிசி விமானம் வரைந்தாள். இறக்கை வரைந்தாள். மலைக்கோட்டைக்கு மேல் பறக்கிற மாதிரி ஒன்று, ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை ஒட்டி ஒன்று. பிராங்க்ளின் ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, "இது எந்த டிராவல்ஸ்லயும் இருக்குமே" என்று தள்ளினான். பதிமூன்றாவது தாளில் நானே அவனைக் கிழித்துப் போட்டிருப்பேன். லிசி அன்று சாயங்காலம் ஜோஸைக் கடைக்கு வரச்சொல்லி எதிரே உட்காரவைத்தாள்.

"நீங்க ஸ்டாஃப் டிக்கெட்ல போறப்ப என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? ஓரமா நிப்போம். எல்லாரும் ஏறின பிறகு எடம் இருந்தா எங்களுக்குக் குடுப்பாங்க. இல்லன்னா வீட்டுக்குப் போகவேண்டியதுதான்."

"அப்படி நிக்கும்போது மனசுல என்ன நினைப்பீங்க?"

ஜோஸ் சிரித்தான். "வேற என்ன நினைப்பாங்க? எவனாவது ஒருத்தன் வராம இருக்கணும்னுதான். கவுண்டர் மூடுற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு, வராதடா வராதடான்னு வேண்டிக்கிட்டு நிப்போம்."

நானும் சிரித்தேன். லிசி சிரிக்கவில்லை. தாளைத் திருப்பி ஒரு இருக்கையை வரைந்தாள். ஜன்னல் ஓர இருக்கை. பெல்ட் இரண்டு பக்கமும் அவிழ்ந்து தொங்குகிறது. ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் ஆள் இல்லாத அந்த இடத்தில் விழுந்து கிடக்கிறது. அவ்வளவுதான் படம்.

நான் தாளைத் தள்ளிவைத்தேன். "அடிப்பாவி! இழவு வீட்ல நாற்காலியில போட்டோ வெச்சு மாலை போடுவாங்களே, அந்த மாதிரி இருக்கு. மாலை ஒண்ணுதான் பாக்கி. அழி அதை."

"உங்களுக்கு அப்படித் தோணுதுன்னா உங்க கையில டிக்கெட் இருக்குன்னு அர்த்தம் அக்கா" என்றாள். "டிக்கெட் இல்லாதவங்களுக்குக் காலி எடம்தான் சாமி."

பிராங்க்ளின் அந்தத் தாளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். "இதான்! இதான் மேடம்! இதைப் பாத்தா எங்காளுங்க ஒவ்வொருத்தனுக்கும் சிரிப்பு வரும்." போர்டு, விசிட்டிங் கார்டு, கழுத்தில் மாட்டுகிற ஐடி டேக் எல்லாவற்றுக்கும் ஆர்டர் கொடுத்தான். நல்ல பெரிய வேலை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் படம் கம்ப்யூட்டரில் திறந்திருக்கும்போதெல்லாம் நான் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தேன். ஒரு நாள் லிசியே சொன்னாள்: "அந்த சீட்டுல உட்கார வேண்டியவர் யாரா இருக்கும்னு யோசிச்சேன்க்கா. அவரு ஏன் வரலன்னு. ராத்திரி பூரா தூக்கமில்ல." வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்றேன். நான் சொன்ன புத்திமதிகளிலேயே உருப்படியானது அதுதான், அவளுக்கல்ல, எனக்கு.

மே மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை ஷார்ஜாவிலிருந்து போன் வந்தது. அக்னஸ் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே அவளைச் சேர்த்திருந்தார்கள். குடலில் ஓட்டை விழுந்து சீழ் வயிறு முழுக்கப் பரவிவிட்டது. ஒரு ஆபரேஷன் ஆகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை காலை இன்னொன்று. பிழைப்பாளா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. அக்னஸ் தானே போனை வாங்கிப் பேசினாள். குரலே இல்லை. "லிசி, ஒரு தடவை வந்துட்டுப் போயேன்டா" என்றாள். இருபத்தைந்து வருடத்தில் தங்கையிடம் அவள் கேட்ட முதல் உதவி அது.

பள்ளிக்கூட லீவு முடிகிற நேரம். திருச்சியிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் எந்த விமானத்திலும் திங்கட்கிழமை வரை இடமில்லை. சென்னை, கொச்சி, எதிலும் இல்லை. பிராங்க்ளின் ஓடியாடி ஒரே நாளில் விசா வாங்கிக் கொடுத்தான். அவன் கம்பெனி செய்த முதல் வேலையே அதுதான். இடம் வாங்கிக்கொடுக்க மட்டும் அவனால் முடியவில்லை. ஜோஸ் பெண்டாட்டி என்பதால் கிடைக்கிற ஸ்டாஃப் டிக்கெட் ஒன்றுதான் வழி.

வெள்ளிக்கிழமை நானும் அவளோடு போனேன். புது டெர்மினல் திறந்த புதிது அது. கண்ணாடியும் வண்ணச் சுவருமாக, எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். லிசி உள்ளே போய் ஓரமாக நின்றாள். நான் வெளியே நின்றேன். பகல் பதினொன்றே முக்காலுக்கு விமானம். கடைசி ஆள் வரை வந்து ஏறினார்கள். லிசி பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். காரில் பொன்மலை தாண்டியதும், "எல்லார் மூஞ்சியையும் பாத்துக்கிட்டே இருந்தேன்க்கா. ஒவ்வொருத்தர் வரும்போதும் எரிச்சலா இருந்துச்சு. ஒரு கைக்குழந்தையைக்கூட விடல நான்" என்று சொல்லி அழுதாள்.

சனிக்கிழமைதான் கடைசி. அன்று தவறினால் ஆபரேஷனுக்கு முன்னால் அக்காவைப் பார்க்க முடியாது. பின்னால் பார்க்க அக்கா இருப்பாளா என்பதும் தெரியாது.

அன்று லிசியை அனுப்பிவிட்டு பிராங்க்ளினுக்கு ஐடி டேக் மாதிரியைக் காட்ட வேண்டியிருந்தது. நீலப் பட்டையில் வெள்ளையாகக் காலி இருக்கை, கீழே கார்டு தொங்கும் உறை. பையில் வைத்தால் கசங்கும் என்று கழுத்தில் மாட்டிக்கொண்டேன். லிசியை மேல்மாடி வாசலில், புறப்பாடு என்று எழுதியிருக்கும் இடத்தில் விட்டேன். "மாதா இருக்காங்க, போ" என்றேன். அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பத்தரைக்கு அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. "ஒரே ஒருத்தர் மட்டும் வரலக்கா. பத்து நாப்பத்தஞ்சுக்கு கவுண்டர் மூடிடுவாங்க. வேண்டிக்கோங்க."

வேண்டிக்கொண்டேன். இன்னொருவன் வரக்கூடாது என்று ஜெபமாலை உருட்டினேன். அருள் நிறைந்த மரியே, அவன் வராமல் இருக்கட்டும். அருள் நிறைந்த மரியே, அவன் வண்டி நிற்கட்டும். இப்படியும் ஒரு ஜெபம் உண்டா? நான் சொன்னேன்.

பத்து முப்பத்தாறுக்கு ஒரு டாக்ஸி கிறீச்சென்று வந்து நின்றது. ஒருவன் இறங்கினான். முப்பத்தைந்து வயது இருக்கும், புதுச்சட்டை வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. பின்னாலேயே ஒரு பெண் மூச்சிரைக்க இறங்கினாள். கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, ஒரு சூட்கேஸ். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். போர்டைப் பார்க்கவில்லை. என் கழுத்தைப் பார்த்தான். நேராக என்னிடம் ஓடி வந்தான்.

"மேடம், ஷார்ஜா பிளைட்டுக்கு எங்கிட்டு போவணும்? பால்பண்ணைகிட்ட லாரி கவுந்து ஒரு மணி நேரம் நின்னுட்டோம் மேடம். முன்னாடி பழைய ஏர்போர்ட்லதான் போயிருக்கேன், இது ஒண்ணும் புரியல."

வாசல் அவனுக்குப் பின்னால் இருபது அடியில் இருந்தது. என் வாய் இருக்கிறதே, யோசிக்காமல் பேசுகிற வாய் என்று ஊரே சொல்லும். அன்று அது யோசித்துத்தான் பேசியது. அக்னஸ் முகத்தை நினைத்தேன், லிசி காரில் அழுததை நினைத்தேன், எதிரே நின்றவனின் முகத்தையும் நன்றாகப் பார்த்தேன். பிறகுதான் சொன்னேன்.

"கீழ போங்க. கீழ் மாடி. சீக்கிரம் போங்க."

"ரொம்ப நன்றிங்க மேடம்" என்று கும்பிட்டுவிட்டு அவன் ஓடினான். அந்தப் பெண்ணும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். கீழே வருகிறவர்கள் வெளியேறும் வழி மட்டும்தான் இருந்தது. எனக்கு அது தெரியும்.

அவன் திரும்பி வருவதற்குள் நான் ஓடிப்போயிருக்கலாம். மணியைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பத்து நாற்பத்தேழுக்கு போன் அடித்தது.

"அக்கா! கிடைச்சிருச்சுக்கா! ஒருத்தர் வரவே இல்ல! மாதா குடுத்துட்டாங்கக்கா!" லிசி உள்ளே இருந்து கத்தினாள். அதே நேரத்தில் அவன் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். வாசல் காவலர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, உள்ளே வாக்கிடாக்கியில் பேசி, கவுண்டர் மூடியாயிற்று என்று கையை விரித்ததை நான் பார்த்தேன். லிசியின் குரல் இன்னும் என் காதில் இருந்தது.

அவன் என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். அவன் கும்பிட்டான்.

"நீங்க சரியாத்தான் மேடம் சொல்லியிருப்பீங்க. எனக்குத்தான் புரியாம சுத்திட்டேன். உள்ள உங்க ஆளுங்ககிட்ட ஒரே ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா விட்ருவாங்க மேடம். இவளுக்கு கர்ப்பப்பை ஆபரேஷன், அதான் ஊர்ல ஆறு மாசம் இருந்துட்டேன், அதுக்கு மேல இருந்தா விசா செல்லாது. இன்னிக்கு அங்க போய் எறங்கலன்னா விசா செத்துப்போச்சு. வேலையும் போச்சு."

"மூடினா மூடினதுதான். நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன். அந்தப் பெண் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அவன் பெண்டாட்டி வேலம்மாள், அவன் வீரமலை, மண்ணச்சநல்லூர்ப் பக்கம் ஊர். அவனே எல்லாம் சொன்னான். "ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க மேடம், உங்க நம்பர் குடுங்க" என்று கேட்டான். பொய் நம்பர் கொடுக்கும் சாமர்த்தியம்கூட இல்லாமல் என் நம்பரையே கொடுத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் டேக்கைக் கழற்றி பைக்குள் திணித்தேன்.

லிசி போய்ச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை அக்னஸை உள்ளே கொண்டுபோகும் வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்னஸ் பிழைத்தாள். தங்கை வந்த தைரியத்தில்தான் பிழைத்தேன் என்று இன்றைக்கும் சொல்கிறாள். பொய் இல்லை. அதனால்தான் எனக்கு விமோசனமே இல்லை. அக்னஸ் செத்திருந்தால் நான் பாவி என்று முடித்திருப்பேன். பிழைத்துவிட்டாள், அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, அடுத்த நொடி அவன் கும்பிட்டது கண்முன் வருகிறது.

வீரமலை மூன்று முறை போன் செய்தான். எடுக்கவில்லை. நாலாவது, குரல் மெசேஜ் அனுப்பினான். "மேடம், விசா கேன்சல் ஆயிருச்சு. அங்க வேற ஆள் போட்டுட்டாங்க. இங்க ரைஸ்மில்லுல மூட்டை தூக்கறேன். உங்க ஏர்போர்ட் ஆபீஸ்ல ஏதாச்சும் வேலை இருந்தா சொல்லுங்க மேடம்." கடையில் போன் அடித்தாலே லிசி நிமிர்ந்து பார்ப்பாள். "யாருக்கா அது? எடுக்க மாட்டேங்கறீங்க?" லோன்காரன் என்றேன்.

செப்டம்பரில் அக்னஸ் ஊருக்கு வந்தாள். புத்தூர் மாதா கோயிலில் ஞாயிறு காலைப் பூசையில் வாசிக்க லிசி நன்றிக் கருத்து எழுதிக் கொடுத்திருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். சாமியார் வாசித்தார்: அக்னஸ் சுகம் பெற்றதற்கு நன்றியாக. அப்புறம் இன்னொன்றும் வாசித்தார். "அந்த நாளில் விமானத்துக்கு வர இயலாமல் போன, பெயர் தெரியாத பயணிக்காகவும் வேண்டிக்கொள்வோம்."

லிசி என் காதருகே குனிந்தாள். "அவருக்கு எதுவும் ஆகியிருக்கக் கூடாதுக்கா. செத்துகித்துப் போயிருந்தா? டெய்லி அதான் ஓடுது மண்டையில."

"சாகல" என்று சொல்லிவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பூசை நடந்துகொண்டிருக்கும்போதே, முழங்காலில் நின்றபடியே, கிசுகிசுப்பாக எல்லாவற்றையும் சொன்னேன். வாசல் எங்கே இருந்தது, நான் எங்கே அனுப்பினேன், அவன் கும்பிட்டது, போன், ரைஸ்மில். லிசி அழுவாள், கத்துவாள், என் கன்னத்தில் அறைவாள் என்று காத்திருந்தேன். அவள் என் பக்கம் இருந்த கையை எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

பூசை முடிந்ததும் அக்னஸை ஜோஸோடு வீட்டுக்கு அனுப்பினாள். "அக்காகிட்ட இதைச் சொல்லாதீங்க. தாங்கமாட்டா" என்றாள். பிறகு, "மண்ணச்சநல்லூருக்கு பஸ் சத்திரம் பஸ் ஸ்டாண்டுலருந்தா?" என்று கேட்டாள்.

"இப்பவா? எதுக்குடி? போய் என்னன்னு சொல்றது?"

"தெரியல. வாங்க."

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில். காவிரிப் பாலம் ஏறியதும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. உனக்காகத்தானே செய்தேன், நீயும்தானே வேண்டிக்கொள்ளச் சொன்னாய், உன் அக்கா செத்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று அடுக்கிக்கொண்டே போனேன். ஸ்ரீரங்கத்துக்குப் போகிறவர்கள் பூக்கூடையும் குழந்தையுமாக இறங்கினார்கள். கொள்ளிடம் வந்த பிறகுதான் அவள் பேசினாள்.

"உங்களை மன்னிக்கலாமா வேண்டாமான்னு என்கிட்ட கேக்காதீங்கக்கா. அந்த எடத்துல உட்கார்ந்து போயிட்டு வந்தவ நான்."

மண்ணச்சநல்லூரில் இறங்கி, என் போனை வாங்கி அவளே அவனிடம் பேசினாள். ஏர்போர்ட் மேடம் வந்திருக்காங்க, வீடு எங்கே என்று கேட்டாள். மில் தெருவைத் தாண்டி ஓட்டு வீடு. வெயில் நேராக மண்டையில் இறங்கியது. நான் இரண்டு முறை நின்றேன். இரண்டு முறையும் லிசி திரும்பி நின்று, நான் வரும்வரை காத்திருந்துவிட்டு நடந்தாள்.

வீரமலை தெருவிலேயே நின்றுகொண்டிருந்தான். இளைத்திருந்தான். தோள்பட்டையில் சாக்கு உராய்ந்த காயம் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, அவசரமாகச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். வேலை கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான் என்பது எனக்குப் புரிந்தது. லிசிக்கும் புரிந்தது. அவள் என் பக்கம் திரும்பி, சொல்லுங்க என்பதுபோல் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் உள்ளே பார்த்துக் கூப்பிட்டான்.

"வேலம்மா, வெளிய வந்து யாருன்னு பாரு! அன்னிக்கு ஏர்போர்ட்ல நமக்கு வழி சொன்னாங்களே, அந்த மேடம் நம்மளைத் தேடி வந்திருக்காங்க."